காற்றை வடிகட்டியவன்

ஜெனித் மைக்குக்குப் பக்கத்தில் மிக்சர் பொட்டலத்தைக் கசக்குகிறான். நாற்காலியை இழுக்கிறான், இருமுகிறான், ஒரு வாய் மிக்சரை மென்றும் பார்க்கிறான். "இதாக்கும் எனக்க வேலை" என்கிறான் என்னிடம், வெட்கமில்லாமல். சம்பளம் வாங்கிக்கொண்டு நொறுக்குத்தீனி தின்னும் பாக்கியம் ஆரல்வாய்மொழியில் இவன் ஒருவனுக்குத்தான்.

போனில் நான்கு பேர் சேர்ந்து ஆடும் கேரம் ஆட்டத்தில், ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் வசதியைச் செய்வதும், அதில் வேறு சத்தம் கலக்காமல் சோதித்துப் பார்ப்பதும் அவன் பொறுப்பு. கம்பெனி பெங்களூரில், வேலை வீட்டு மாடியில். பேச்சு கொஞ்சம் பிந்தினாலும், காய் விழுந்த பிறகு "அடிக்காதே" என்று கேட்கும், சண்டை வரும். எதிராளியின் குரல் நம் ஸ்பீக்கரில் வந்து நம் மைக்குக்குள்ளேயே நுழைந்தால், அவர் பேசியது அவருக்கே திரும்பிக் கேட்கும். "அதெல்லாம் சரியாக்கிரலாம். இந்தக் காத்துதான், சவம், உயிரை எடுக்கும்."

மலைக் கணவாய் வழியே ஊருக்குள் வீசும் காற்றை மொட்டைமாடியில் நின்று பதிவுசெய்து, அந்த மாதிரிச் சத்தம் எது வந்தாலும் அழித்துவிடும்படி ஒரு வடிகட்டி செய்தான். காற்றாலைக்கு அடியில் நின்று பேசினாலும் அறைக்குள் பேசுவதுபோல் கேட்டது. கம்பெனியில் பாராட்டினார்கள். ஒரு வாரம் இவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் ஜாஸ்பரின் போனிலும் சோதனைக்காக அதைப் போட்டுக் கொடுத்திருந்தான். அப்பாவின் அடக்கத்துக்கு ஜாஸ்பர் வரவில்லை. ஜெனித் வாய்க்கு வந்தபடி பேசினான். அத்தோடு போன் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை மத்தியான கேரம் மட்டும் நிற்கவில்லை. அண்ணன் வருவார், காய் அடிப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். பொறுக்க முடியாமல் ஒருநாள் ஜெனித் சொல்லிவிட்டான்: "எங்கிட்ட பேச மனசில்லாத ஆளு வெளையாடவும் வரண்டாம்." ஜாஸ்பர் அதன் பிறகு வரவில்லை.

பின்னொரு நாள் ஏதோ புகாருக்காக, வடிகட்டுவதற்கு முன்பு மைக்குகள் பிடித்துச் சேமித்த சத்தங்களை எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றில் கிசுகிசுப்பாக அண்ணன்.

"லே ஜெனித், லீவு தரல்லடே. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். நைட் சிப்டு ஆளுவ பக்கத்துல ஒறங்குகானுவ, அதான் மெதுவாப் பேசுகேன். கேக்கியா?"

கிசுகிசுக்கும்போது தொண்டை அதிராது, வெறும் மூச்சுதான். வடிகட்டிக்கு அதுவும் காற்று. வாராவாரம் அண்ணன் பேசியதையெல்லாம் அது அழித்திருக்கிறது. இவ்வளவு சொல்லியும் தம்பி இரங்கவில்லை என்று அவர் நினைத்திருப்பார்.

"அண்ணனுக்க வாயப் பொத்தினது நானாக்கும்" என்றான் ஜெனித். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பாவமாக இருந்தது.

வடிகட்டியைத் தளர்த்திவிட்டான். ஆட்டத்தில் இரைச்சல் வருகிறதென்று இப்போது எல்லோரும் திட்டுகிறார்கள், வாங்கிக்கொள்கிறான். நடந்ததை எழுதி அண்ணனுக்கு அனுப்பினான். ஜாஸ்பர் படித்தார், பதில் இல்லை. வெள்ளிதோறும் போன் அடிக்கிறான், அவர் எடுப்பதில்லை.

நான் அவன் வீட்டுக்குப் போயிருந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, சட்டென்று எடுத்தார்.

"அண்ணே" என்றான் ஜெனித்.

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை.

"கட்டாயிட்டா?" என்றாள் அவன் மனைவி சுஜி.

பேசாதே என்று அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு, ஜெனித் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.