எக்ஸ்ரே படமும் ஒழுகும் ஃபோர்க்கும்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களில் ஒன்று எண்ணெய் கசியத் தொடங்கினால், வண்டி சத்தமில்லாமல் அழுவது போலிருக்கும். அந்த அழுகையை நிறுத்துவதுதான் என் பிழைப்பு. ஒரு கம்பெனிக்காக, வண்டிக்காரர்களின் வீட்டுக்கே போய்ப் பழுது பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மெக்கானிக்கல் படித்து என்ன? நட்டை இறுக்கிவிட்டு இரண்டு தெரு போனதும் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பேன். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்புகிறவர்களுக்கு இந்த வியாதி புரியும்.

பாஸ்கர் சொன்னது

இது நான் பார்த்ததல்ல, கேட்டது. சொன்னவன் என்னோடு வேலை செய்யும் மண்ணூர்பேட்டை பாஸ்கர். கசிகிற ஃபோர்க்கைக் கழற்றவே வேண்டாமாம். பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு துண்டு வெட்டி, குழாய்க்கும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீலுக்கும் நடுவே விட்டு ஒரு சுற்று சுற்றினால், சிக்கிய மண் வெளியே வந்து கசிவு நின்றுவிடுமாம். பட்டாபிராமில் ஒரு வண்டிக்கு அப்படித்தான் செய்தானாம்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான் மொறைக்கிறே? ரெண்டு வருசமா ஒரு சொட்டு ஒழுகல. வண்டி அங்கதான் கீது, போய்ப் பாத்துக்கோ."

மருந்து மூடி

ஆவடியில் ஒரு அடுக்குமாடி. வண்டிக்காரர் மடிக்கணினியோடு பார்க்கிங்குக்கே இறங்கி வந்துவிட்டார். புது சீல் போட்டாயிற்று. இரண்டு குழாயிலும் எண்ணெய் ஒரே அளவு ஊற்ற வேண்டும். அளவுக் குவளையை மறந்து வந்திருந்தேன். அவர் குழந்தையின் இருமல் மருந்து மூடியை வாங்கி, அதனால் அளந்து ஊற்றினேன்.

தூண்களுக்கிடையே வெயில் சாய்ந்து விழுந்தது. எண்ணெய் தேன் போல மெல்ல இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்ததில் பதினொன்றா பன்னிரண்டா என்று மறந்துபோனது. எல்லாவற்றையும் வடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அப்புறம் மறுபடியும் ஒரு தடவை.

"பாஸ், மீட்டிங் ஆரம்பிக்கும்போது ஊத்த ஆரம்பிச்சீங்க. மீட்டிங்கே முடிஞ்சிடுச்சு."

கவிதா அக்காவின் மணிக்கட்டு

திருமழிசையில் கவிதா அக்கா. தொழிற்பேட்டையில் வேலை; தினமும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய் வருகிறவர். பிரேக் டிஸ்க் இருக்கும் பக்கத்து ஃபோர்க்கில்தான் கசிவு. டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. ஆனால் மறுநாள் காலை ஷிப்டுக்கு அவருக்கு வண்டி வேண்டும். என் பையிலோ அந்த வண்டிக்கான சீல் இல்லை.

பாஸ்கர் கதை ஞாபகம் வந்தது. பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டேன். தன் மணிக்கட்டின் படத்தையே எடுத்து வந்தார். போன வருஷம் பிரேக் பிடிக்காமல் விழுந்து உடைந்த கை. படத்தை வானத்துக்கு நேரே பிடித்தேன். அந்தச் சின்ன எலும்புகள் கூழாங்கற்கள் போல வெளிச்சத்தில் மிதந்தன. அவற்றின் பின்னால் மேகம் ஒன்று நகர்ந்தது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் குழாயைச் சுற்றி ஓட்டினேன். கறுப்பு மண் வந்தது. துடைத்துவிட்டு முன்பக்கத்தை இருபது தடவை அழுத்தினேன். மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. ஈரமில்லை.

"எனக்குத்தான் உதவல. வண்டிக்காவது உதவட்டும் அந்தக் கை."

மூன்றாம் நாள் காலை

இரண்டு நாளும் அந்த எலும்புகள் கண்ணிலேயே நின்றன. மூன்றாம் நாள் காலை நானே போன் செய்து, கிளம்பும் முன் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலெல்லாம் எண்ணெய் என்றார். "ஓட்டாதீங்க அக்கா, பஸ்ல போங்க. சாயங்காலம் சீலோட வரேன்" என்றேன்.

மாலையில் கழற்றிப் பார்த்தால், குழாயைப் பற்றியிருக்கும் சீலின் உதடே கிழிந்திருந்தது. கிழிந்த சீலை எக்ஸ்ரே என்ன செய்யும்? இரண்டு பக்கமும் புது சீல் போட்டு, டிஸ்க்கைச் சுத்தம் செய்து, எண்ணெய் குடித்த பிரேக் பேடுகளையும் மாற்றினேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்: "தப்பு என்னுதுக்கா. கிழிசல் இருக்கான்னு பாக்கல. யாரோ சொன்ன கதையை நம்பி உங்கள ரோட்டுல விட்டுட்டேன்." வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் சாவியை என்னிடமே நீட்டினார். "நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்கார்றேன்." வயலோரச் சாலையில் காற்று ஈரமாக வந்தது. அவர் "இப்ப" என்றதும் பிரேக்கை அழுத்தினேன். வண்டி குனிந்து, நிமிர்ந்து, நின்றது. பின்னாலிருந்து ஒரு நீண்ட மூச்சு.

"சரி, இறங்குங்க தம்பி. இனிமே நான் ஓட்டுறேன்."

பட்டாபிராம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பாஸ்கர் சொன்ன வீட்டைத் தேடிப் போனேன். மாடிப்படிக்கு அடியில் நின்றது வண்டி. இரண்டு டயரிலும் காற்றில்லை. கைப்பிடிகளுக்கு நடுவே சிலந்தி வலை. ஒரு ரயில் கடக்கும்போது அது லேசாக அதிர்ந்தது. வீட்டுக்காரர் பனியனோடு வெளியே வந்தார்.

"அந்தத் தம்பி சரி பண்ணிக் குடுத்த மறுவாரமே சென்ட்ரலுக்கு சீசன் டிக்கெட் எடுத்துட்டேன். அப்புறம் வண்டிய தொடவே இல்ல."

குனிந்து, விரலால் தடவியே பார்த்துவிட்டேன்: பாஸ்கர் சொன்னது சத்தியமான உண்மை, ரெண்டு வருசமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை.