அசையாத முப்பத்தெட்டு

மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கணினித் திரையின் மூலையில் இருக்கும் சின்ன எண்ணைப் படிக்கிறார். நேரம் போட்டு, எண்ணை நோட்டில் எழுதி, பேனாவை மூடுகிறார். அரை மணிக்கொரு தரம் இப்படித்தான். எக்ஸ்ரே நிலையத்தில் இவருக்குப் பெயர் காய்ச்சல்காரர்.

இருபது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளர். படுக்கைக்குப் படுக்கை காய்ச்சல் பார்த்துக் குறித்த கை. இங்கே கணினி முன் உட்கார்ந்த முதல் வாரம், அதன் உள்ளே இருக்கும் மதர்போர்டின் சூடு நாற்பது டிகிரி செல்சியஸ் என்று கண்டதும் பதறிப்போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ரிப்பேர்க்காரர் வந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, நாப்பது மனுஷனுக்குத்தான் காய்ச்சல். இதுக்கு அது சாதாரணம். அறுபதத் தாண்டினா எனக்கு ஃபோன் போடுங்க. எண்பது வந்தா ஃபோனெல்லாம் வேணாம், பிளக்கப் பிடுங்குங்க."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "பழைய போர்டு. வெந்துபோனா, எங்க தேடினாலும் வேற கெடைக்காது."

அதைக் கேட்ட அன்றைக்கே நோட்டு வாங்கினார். போர்டு போனால் எக்ஸ்ரே இயந்திரம் வெறும் இரும்பு. புதிது வாங்க மாட்டேன், இழுத்து மூடிவிடுவேன் என்று முதலாளியம்மா முன்பே சொல்லியாயிற்று. ஐம்பத்தாறு வயதில் இவருக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

கணினிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விட வேண்டும். மேலே துணி போடக் கூடாது. யாராவது சாய்ந்தால், "தள்ளி நில்லுங்க, அது மூச்சு விட வேணாமா?" என்பார். உள்ளே ஓடும் சின்ன ஃபேனின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார்.

போன செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் போட்ட கூச்சலில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை, ஏசியும் ஓடவில்லை. ஒன்பதரைக்கு முப்பத்தெட்டு. பத்துக்கு முப்பத்தெட்டு. பதினேழு படம் எடுத்து, வெயில் ஏறி, சுவரே சுட்டபோதும் அதே முப்பத்தெட்டு.

"நல்லாத்தானே இருக்கு? ஏண்ணே பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் படம் எடுக்கும் பெண்.

"ஏறணும், இறங்கணும்மா. அசையாம நிக்குதே."

"உங்களுக்கு ஏறினாலும் பயம், ஏறாட்டியும் பயம்!"

வார்டில் ஒருமுறை, பழுதான தெர்மாமீட்டரை நம்பிக் குறித்துக்கொண்டே போயிருக்கிறார். ஏழாம் படுக்கைக்காரர் அனலாய்க் கொதித்தது, தொட்ட பிறகுதான் தெரிந்தது. புறங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எண் காட்டும் புரோகிராம் காலையிலேயே நின்றுபோயிருக்கிறது!

"அண்ணே, படம் கம்ப்யூட்டர்ல ஏறிக்கிட்டு இருக்கு!" என்று அவள் கத்துவதற்குள் பிளக் கையோடு வந்துவிட்டது.

மூடியைக் கழற்றினார். ஃபேன் தூசி அப்பி நின்றிருந்தது. கருகல் வாடை அடிப்பது போலவும் இருந்தது, அடிக்காதது போலவும் இருந்தது. ரிப்பேர்க்காரர் வர ஒரு மணி நேரம் ஆகும். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"பிழைச்சுக்குமாண்ணே?" இப்போது அவள் குரலும் இறங்கியிருந்தது.

காய்ச்சல்காரர் தரையில் மண்டியிட்டார். காலையிலிருந்து முப்பத்தெட்டு முப்பத்தெட்டாக எழுதி வைத்த நோட்டை மூடி, அதைக்கொண்டு அந்தப் பெட்டிக்கு விசிறத் தொடங்கினார்.