அண்ணி என்று கூப்பிட்டவர்கள்

மார்க்கையன்கோட்டைச் சாவடியில் அன்று காலை அவளுடைய அப்பா இருந்தார், என் நண்பனின் தாய்மாமா இருந்தார், ஊர்ப் பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். தலையைக் குனிந்தபடி நண்பனும் நானும் இருந்தோம். அவள் இல்லை. பேச்சே அவளைப் பற்றித்தான்; அவளைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உத்தமபாளையத்தில் எல்லோருக்கும் ஒரே கல்லூரி, போக ஒரே பேருந்து. நண்பன் அவளிடம் காதலைச் சொன்ன மறுநாளே எங்கள் கூட்டம் அவளை 'அண்ணி' என்று கூப்பிடத் தொடங்கியது. அதை மரியாதை என்றே நம்பினேன். நாங்கள் பார்த்து வளர்ந்த படங்களில் கதாநாயகனின் கூட்டாளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கதாநாயகி முறைத்தால் விசிலடிப்பார்கள். ஒருநாள் பேருந்தை விட்டு இறங்கியதும் அவள் எங்கள் முன் வந்து நின்றாள்.

"வேண்டாம்னு அன்னைக்கே அவருட்ட சொல்லிட்டேன். இன்னும் எத்தன தடவ சொல்லணும்? யாருக்குய்யா நான் அண்ணி?"

அவள் நகர்ந்ததும் நான்தான் சொன்னேன்: "விடு மாப்ள, இன்னும் இடைவேளையே வரல." அத்தனை பேரும் சிரித்தோம்.

நண்பனின் பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தோம். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். எழுத்து வேலையென்றால் என்னிடம்தான் வரும். 'அண்ணி சம்மதிக்கும் வரை அண்ணன் சளைக்க மாட்டார்' என்று எழுதிக்கொடுத்தேன். அவள் பெயரையும் போட்டேன். பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்ததை, வாழைத்தார் ஏற்றிப் போன அவளுடைய அப்பா பார்த்தார்.

சாவடியில் அவர் கத்தவில்லை. "பிள்ள மேல தப்பில்லன்னு தெரிஞ்சாப் போதும். தொடந்து படிக்கட்டும்" என்றார்.

"அந்தப் பிள்ள சிரிக்காமயா இவன் இம்புட்டுத் தூரம் போயிருப்பான்?" என்றார் தாய்மாமா.

பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ படிக்கிற பய. அந்தப் பிள்ள இவன்ட்ட என்னதான் சொல்லுச்சு?"

வேண்டாம் என்று சொன்னாள். அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நண்பன் என் முழங்கையைப் பிடித்தான். கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பவன் எங்கள் படங்களில் வில்லன். அதைவிடக் கேவலமான ஒன்றும் எனக்குள் இருந்தது: அவள் சொன்னதை மறுப்பு என்றே நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

"தெரியலைங்க" என்றேன்.

அவளுடைய அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார். "சினிமாவப் பாத்துக் கெட்டுப் போறாய்ங்க" என்று தாய்மாமா பொதுவாகச் சொன்னார். ஃப்ளெக்ஸை இறக்கினோம். எல்லோருக்கும் டீ வந்தது.

இப்போது அல்லிநகரத்தில் குடியிருக்கிறேன். வேலைக்குப் போகும் பேருந்தில் அந்த மாதிரிப் படங்கள்தான் ஓடுகின்றன. கதாநாயகி முறைக்கும் இடத்தில் இன்றும் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது; கூச்சம் அதற்குப் பிறகுதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. படத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் சாவடியில் கேட்டது என்னைத்தானே.

சாவடியில் பேசிய மறுநாள் பேருந்தில் அவள் ஏறவில்லை. நண்பனும் நானும் ஏறினோம். அந்த வருடம் பட்டமும் வாங்கினோம். எங்களுக்கு ஒரு வகுப்பு கீழே படித்த அவளுக்கு மூன்றாம் ஆண்டு முழுதாக மிச்சமிருந்தது. அதை அவள் படிக்கவே இல்லை.