மீட்டருக்கு வைத்த சந்தனம்

தீர்ப்பு நகலில் பல பக்கங்கள் இருந்தன. நான் படித்தது ஒரே ஒரு வரியைத்தான். வீட்டு மீட்டரைப் பின்னோக்கித் திருப்பி நான் மின்சாரம் திருடியிருக்கிறேன் என்று அது சொன்னது. வந்த கோபத்தில் கோர்ட் வாசலிலேயே அதைக் கிழித்திருப்பேன். மனைவி பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"கேக்கறதக் கட்டீட்டு உட்டர்லாமுங்க. படி ஏறி ஏறிக் காலு நோவுது," என்றாள்.

"கட்டுனா நாந் திருடன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்," என்றேன்.

புதுச்சத்திரத்தில் எனக்கு வெல்டிங் பட்டறை. பாதி வேலை சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளில்தான்: கேட், கூண்டு, தீவனக் கிடங்கின் கதவு. பண்ணைக்காரர்கள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தங்கள் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். தீர்ப்பு வந்த வாரம், பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் நான் கிடங்கில் வேலையை முடிக்கும்வரை பிளாஸ்டிக் சேர் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார். நான் அதைக் குடிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டில் இருந்தது சக்கரம் சுற்றுகிற பழைய மீட்டர். ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் வந்து ரீடிங் எடுத்துப் போனார்கள். பில்லைப் பார்த்தால், மில் ஓட்டுகிறவன்கூட அவ்வளவு கட்டமாட்டான். அலுவலகத்தில் போய்க் கத்தினேன். அடுத்த ரீடிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால், மீட்டரில் இருந்த எண் முன்பு எழுதியதைவிடக் குறைவு. மீட்டர் தானாகப் பின்னால் ஓடாது, யாரோ ஓட்டியிருக்க வேண்டும், அந்த யாரோ நான்தான் என்றார்கள். வழக்குப் போட்டேன். சீல் உடையவே இல்லை என்று சொல்லிப் பார்த்தோம். அப்படியென்றால் எண் எப்படிக் குறைந்தது என்று திருப்பிக் கேட்டார்கள். தோற்றுப்போனோம். ரீடிங் எடுத்த ஆளை நான் திட்டாத நாள் இல்லை.

மேல்முறையீட்டுக்கு வேறொரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். மீட்டரின் பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மீட்டரை எவன் போட்டோ எடுப்பான்? எரிச்சலோடு மகளின் போனை நீட்டினேன். அவர் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் விரல் நின்றது. ஆயுத பூஜையன்று கையில் சந்தனக் கிண்ணத்தோடு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் சுவரில் மீட்டர்.

"ஏனுங்கண்ணா, மீட்டருக்குச் சந்தனம் ஆரு வெச்சது?"

"நாந்தாங்க. நமக்கு ஒழைக்கறதுக்கெல்லாம் வெக்கோணுமில்லீங்க?"

அது உண்மை. பட்டறையில் கிரைண்டர், சுத்தியல், கட்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் வைத்து முடித்து, வீட்டுக்கு வந்து மிக்ஸி, கிரைண்டர், டிவி வரை வைத்தேன். கிண்ணத்தில் மீதி இருந்தது. இத்தனைக்கும் கரண்ட் கொடுக்கிற மீட்டரை விடலாமா என்று அதற்கும் தாராளமாக ஒன்று அப்பினேன்.

வக்கீலம்மா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மீட்டரில் கடைசி எண் புள்ளிக்குப் பின்னால் வருவது. அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் இருக்கும். என் சந்தனம் வழிந்து புள்ளியையும் கட்டத்தையும் மூடிவிட்டிருந்தது. எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வந்தவர் அதையும் முழு எண்ணாகச் சேர்த்து எழுதிவிட்டார். ஒன்று பத்தாகிவிட்டது. தீபாவளிக்கு வீடு துடைத்தபோது மீட்டரையும் துடைத்துப் பளபளவென்று ஆக்கியவன் நானேதான். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணில் தண்ணீரும் வந்தது. அத்தனை நாளும் ஊரான் ஒருவனைத் திட்டியிருக்கிறேனே!

மேல் கோர்ட்டில் அந்தப் படத்தைக் கூடுதல் ஆவணமாக ஏற்றுக்கொண்டார்கள். புள்ளி வைத்துப் படித்தால் முன்னும் பின்னும் எல்லா ரீடிங்கும் சரியாக வந்தது. எதிர்த்தரப்பும் மறுக்கவில்லை. பழைய தீர்ப்பு ரத்து என்று நீதிபதி வாசித்தார். திருட்டு என்ற அந்த வரியும் நீக்கப்படுகிறது என்று தனியாகச் சொன்னார்.  வெளியே வந்து படி இறங்கும்போது உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது.

ரீடிங் எடுத்தவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. அதற்கடுத்து வந்த ஆயுத பூஜையில் நான் கிண்ணத்தோடு மீட்டர் பக்கம் திரும்பியதும் மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, செவுத்துக்கு வெய்யுங்க. போதும்," என்றாள். சுவருக்கு வைத்தேன்.

பூஜை முடிந்த வாரம், சேர் போட்டு உட்கார்ந்திருந்த அதே பண்ணைக்காரர் கூப்பிட்டார். கிடங்குக் கதவில் கீல் விட்டுப்போயிருந்தது. நான் மெஷினை இறக்கி வைப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"நாமக்கல் வரைக்கும் போய்ட்டு வாரேனுங்க. முடிச்சுட்டு நீங்களே பூட்டீருங்க," என்று சாவியை என் கையில் போட்டார்.

அவர் வண்டி ரோட்டில் ஏறும்வரை நான் வேலையை ஆரம்பிக்கவில்லை. சாவியைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தேன்.