ஆறாவது டர்னில் எரிந்த ஊர்

1. நசீமாவின் கேள்வி

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் கேம் ஸ்டூடியோ. மொத்தம் ஆறு பேர். கொங்குநாட்டுச் சரித்திரத்தை வைத்து ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் செய்துகொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை, கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் பப்ளிஷரின் ஆள் வந்து ஆடிப் பார்ப்பார். அவருக்குப் பிடிக்காவிட்டால் ஸ்டூடியோவை இழுத்து மூட வேண்டியதுதான். அந்தத் திங்கட்கிழமை எங்கள் புரோகிராமர் நசீமா என் மேசைக்கு வந்தாள். கடைவீதியில் அவள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை.

"அண்ணா, நான் கட்டுன ஊரு எரிஞ்சு போச்சு."

டெஸ்ட் செய்வதற்காக கேமில் ஒரு சந்தை ஊரை உருவாக்கி, கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிவாசல் கட்டியிருக்கிறாள். ஆறாவது டர்னில், அதாவது ஆட்டத்தின் ஆறாவது சுற்றில் கலவரம், ஊர் காலி. புரோகிராம் கோடில் பிழை இல்லை. விதியே அப்படி. அதை எழுதியவன் நான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒவ்வோர் ஊரின் மதங்களுக்கும் சேர்த்து நூறு புள்ளி. ஒரு மதம் ஏறினால் மற்றது இறங்கும். சரிபாதியை நெருங்கினால் கலவரம். நான் ஆடி வளர்ந்த வெளிநாட்டு கேம்களில் அப்படித்தான் இருந்தது.

"கேம்னா மோதல் வேணும்ல" என்றேன்.

"வேணும்ணா. ஆனா எங்க கடைக்கு உங்க மல்லசமுத்திரத்துக்காரங்கதான் கல்யாணச் சேலை எடுக்க வராங்க. அவங்க எதுக்கு எங்கள எரிக்கணும்? காரணத்த மட்டும் சொல்லுங்க, கோட் பண்ணிடறேன்."

காரணத்துக்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது.

2. மாமாவின் லாரி

அன்று சாயங்காலம் எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் என் மாமா புது லாரி எடுத்திருந்தார். போகாமல் இருக்க முடியாது. கோயிலில் பூசை, சக்கரத்துக்கு எலுமிச்சை எல்லாம் முடிந்ததும் வண்டி நேராக தர்காவுக்குப் போனது. அங்கே குர்ஆனிலிருந்து பாத்தியா ஓதிச் சர்க்கரை கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் இந்த இரண்டும் இல்லாமல் எந்த லாரியும் லோடு ஏற்றியதில்லை.

"ஏஞ்சாமி, மொகத்தத் தூக்கி வெச்சிருக்கற? சர்க்கரை எடுத்துக்க" என்றார் மாமா.

வாயில் போடும்போதுதான் உறைத்தது. என் விதிப்படி மாமா இப்போது ஐம்பதுக்கு ஐம்பது. அடுத்த டர்னில் அவர் கலவரம் செய்தாக வேண்டும். அவரோ டிரைவரிடம் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் ஸ்டூடியோ முதலாளி பூபதி அண்ணனிடம் விதியை மாற்றப்போவதாகச் சொன்னேன். தலையில் கை வைத்தார்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமை ஆளு வாராருங்க. இப்பப் போயி அஸ்திவாரத்தத் தோண்டறீங்களே."

"தோண்டித்தான் ஆவோணுங்க. தப்பாப் போனா எம்மேல போடுங்க."

நூறு புள்ளியைத் தூக்கிவிட்டு இரண்டு தனி எண்கள் வைத்தோம். பிறந்த மதம் ஒன்று, வேண்டுதல், நேர்ச்சை என்று போகும் இடம் இன்னொன்று. ஒன்று ஏறினால் மற்றது இறங்காது. மோதலும் இருந்தது. வரியாலும் ஏரித் தண்ணீராலும், நேர்ச்சைக்குப் போகிற இடத்தைத் தொட்டாலும் வரும்படி வைத்தோம். மூன்று நாளில் நசீமா அத்தனையையும் எழுதி முடித்தாள்.

3. வெள்ளிக்கிழமை

பப்ளிஷரின் ஆள் சென்னைக்காரர், கெட்டியான ஆட்டக்காரர். கோட்டை கட்டக் கல் போதாமல் ஒரு தர்காவை இடித்தார். மூன்றே டர்னில் அவருடைய மாட்டுவண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. கோட்டைக்கு நெல் வரவில்லை.

"இது பக், கோட்ல ஏதோ தப்புதானே? வண்டிக்காரங்க வேற மதம். நான் அவங்க கோயில இடிக்கலையே?"

பூபதி அண்ணன் என்னைப் பார்த்தார். நசீமா முந்திக்கொண்டாள்.

"பக் இல்ல சார். புது வண்டி பூட்டுனா அவங்க அங்க வந்து ஓதி வாங்கிட்டுத்தான் போவாங்க. இப்ப எங்க போவாங்க?"

அவர் இடித்ததைத் திரும்பக் கட்டினார். வண்டிகள் நகர்ந்தன. வாங்கி வைத்த பிரியாணி ஆறிப்போகும் வரை ஆடிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு விதியை எழுதியதும் உங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் அதற்குள் வைத்துப் பத்து டர்ன் ஓட்டிப் பாருங்கள். நான் செய்யாமல் விட்டதை எனக்காக நசீமா செய்தாள்.

அந்தச் சந்தை ஊரின் சேவ் ஃபைலை அவள் அழிக்கவில்லை. கேமின் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் முதலில் அதைத்தான் திறப்பாள். நான் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

"ஊரு இருக்குண்ணா" என்பாள்.

அதன் பிறகுதான் நான் டீ குடிக்கப் போவேன்.