இரும்பு மூக்கன்

போட்டோவுக்குச் சட்டம் போடும் அந்தக் கடைக்காரருக்குத் தெருவில் ‘முகமூடி’ என்றுதான் பேர். பழைய வார இதழ்களோடு இலவசமாக வந்த சித்திரக்கதை முகமூடிகளைச் சேர்ப்பதில் அப்படியொரு பைத்தியம். “என் மூஞ்சியப் பார்க்க நேரமில்ல, காகித மூஞ்சிக்குத் தூசி தட்ட மட்டும் நேரமிருக்கு” என்பது வீட்டம்மாவின் தினசரிப் பாட்டு.

எல்லாம் சேர்ந்துவிட்டது, இரும்பு மூக்கனைத் தவிர. அவன் வில்லன். வில்லன் முகத்தை எந்தப் பிள்ளை பத்திரப்படுத்தும்? தேடித் தேடிச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அன்று ஓர் அம்மாள், ஈரச் சுவரில் மாட்டியிருந்த படமொன்றைக் கொண்டுவந்தார். செத்துப்போன தம்பியின் சின்ன வயசுப் படம். உள்ளறையில் சட்டத்தைப் பிரித்தவருக்கு மூச்சே நின்றுவிட்டது. போட்டோவின் முதுகில் ஒட்டியபடி சாட்சாத் இரும்பு மூக்கன்!

ஈரம் பட்டுப் பட்டு இரண்டும் ஒன்றாக இறுகிப்போயிருந்தன. தண்ணீரில் ஊறவைத்தால் போட்டோ தப்பும், முகமூடி கூழாகும். பிளேடு போட்டுப் பிரித்தால் முகமூடி தப்பும், போட்டோ கிழியும்.

பிளேடை எடுத்தார். ‘போட்டோ நைஞ்சுபோச்சும்மா’ என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? பாழாய்ப்போன மனசாட்சி கேட்டது. தலையை வெளியே நீட்டினார்.

“தம்பியோட வேற போட்டோ இருக்காம்மா?”

“நிறைய இருக்கே.”

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திரும்பி வந்து ஓரத்தை மெல்ல நெம்பினார். நூலளவு பிரிந்தது.

“ஆனா எதுலயும் மூஞ்சி தெரியாது” என்று அம்மாள் வெளியிலிருந்து தொடர்ந்தார். “எப்பவும் ஒரு முகமூடிய மாட்டிக்கிட்டுத்தான் நிப்பான். அன்னிக்கு மட்டும் அப்பா பிடுங்கிட்டு எடுத்தாரு. இது ஒண்ணுலதான் அவன் முகம் இருக்கு.”

பிளேடு நின்றது. அம்மாளை, அப்பாவை, தன்னை என்று எல்லோரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தார். பிறகு தட்டில் தண்ணீர் ஊற்றி இரண்டையும் அமிழ்த்தினார். ஊறிய முகமூடியை விரலால் உருட்டி உருட்டி எடுத்தார். அந்த மூக்கு கையோடு வந்தபோது அவருக்கு வெட்கமில்லாமல் அழுகை வந்தது.

துடைத்துக் காயவைத்த போட்டோவை அம்மாள் கையில் கொடுத்தார். படத்தில் பையன் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தான். அம்மாள் கண்ணீரோடு சிரித்தார்.

“அந்த முகமூடிய அப்பா எங்க ஒளிச்சாரோ, கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. அதுக்குத்தான் அழறான் பாருங்க.”

“அழத்தான் செய்வான்மா” என்றார் கடைக்காரர்.