பிளக்கில் தொங்கும் சாவி

செம்பியனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. தேவனாம்பட்டினத்தில் பிறந்துவிட்டு இதை வெளியே சொல்ல முடியுமா? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. படகு முகத்துவாரத்தைத் தாண்டுவதற்கு முன்பே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்துவிடும். இளவட்டமாக இருந்தபோது நாலைந்து தடவை போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வலைக்குப் பக்கத்தில் அவரையும் சுருட்டிப் போட்டுத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஊர் அவருக்குத் 'தொட்டிக்காரன்' என்று பெயர் வைத்தது பிறகு, மஞ்சக்குப்பத்தில் வண்ண மீன் விற்கும் கடையில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது.

"நாங்க மீன வெளிய எடுத்துப் பொழைக்கிறோம். நீ உள்ள உட்டுப் பொழைக்கிற. உன்ன என்னா சொல்றது மச்சான்?" என்பான் மனைவி மாலதியின் அண்ணன் பழனிவேல். கல்யாண வீடு, கருமாதி வீடு எதுவானாலும் இதைச் சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. செம்பியனும் சிரித்துவைப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் ஒன்று சொல்வான்.

முதலாளி அந்த மீன் கடையை மூடிவிட்ட பிறகு அவர் சொந்தமாகவே கிளம்பினார். டி.வி.எஸ். வண்டியில் ஒரு வாளி, ஒரு பை வினிகர் பாட்டில்கள், பழைய பல் பிரஷ்கள். செம்மண்டலத்து வீடுகள், துணிக்கடைகள், டாக்டர்களின் காத்திருப்பு அறைகள் என்று போய்ப் போய்த் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் தொழில். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. மோட்டாருக்குள் இருக்கும் சின்ன விசிறியில் வெள்ளையாகப் படிந்து அதைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். விசிறியை உருவி, வினிகரில் ஊறவைத்து, அது சுற்றுகிற பீங்கான் ஊசியை உடைக்காமல் தேய்த்து எடுக்க வேண்டும். திரும்ப மாட்டியதும் தண்ணீர் வரும் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். தள்ளும் வேகம் கைக்குச் சரியாகப் பட்டால்தான் எழுந்திருப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கியதும் வண்டிச் சாவியை அதன் ஒயரில் மாட்டிவிடுவார். பிளக்கைத் திரும்பச் சொருகாமல் சாவியை எடுக்கக் கூடாது. ஆரம்ப நாளில் ஒரு வீட்டில் பேச்சுவாக்கில் சொருக மறந்து வந்துவிட்டார். மறுநாள் தொட்டி முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அன்றிலிருந்து இந்தச் சாவிக் கணக்கு. ஒருநாளும் தவறியதில்லை.

சிதம்பரத்தில் சபாபதியின் வீடு அவருக்கு வெள்ளிக்கிழமை வீடு. சபாபதிக்கு அரிசி மில். அவர் மனைவி வேலம்மாளின் பெயரில் ஒரு பள்ளிக்கூடம். கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு தொட்டி, அதில் முழங்கை நீளத்துக்குப் பொன்னிறமாக ஒரே ஒரு வாஸ்து மீன். தைப்பூசத்துக்குத் தவறாமல் வடலூர் போய் ஜோதி பார்க்கிற குடும்பம். முட்டை வாசனைகூட வீட்டுக்குள் வரக் கூடாது. மீனுக்கும் புழு கிடையாது, காய்ந்த உருண்டைத் தீனிதான். அதையும் தின்று அது கொழுகொழுவென்று வளர்ந்தது. செம்பியன் கையை விட்டால் வந்து விரலை முட்டும்.

"என்னா மச்சான், சாப்டியா?" என்பார் மீனிடம். பழனிவேலைவிட இந்த மச்சான் எவ்வளவோ தேவலாம்.

செம்பியனின் மகள் அனுப்பிரியா கணக்கில் பட்டம் வாங்கி பி.எட். முடித்திருந்தாள். மீன்கூடை தூக்காமல், உப்புத் தண்ணீரில் கால் வைக்காமல் ஒருத்தி வகுப்பறைக்குள் போய் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் கேட்டது. வேலம்மாளிடம் சொல்லியிருந்தார். "ஸ்கூல் தொறக்கட்டும், பாக்கலாம்" என்று வேலம்மாளும் சொல்லியிருந்தார். அந்தப் 'பாக்கலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டு செம்பியன் அந்த வீட்டு மோட்டாரை மட்டும் இரண்டு தரம் தேய்த்தார்.

சித்திரை வெயிலில் சபாபதிக்கு நெஞ்சு அடைத்தது. பாண்டிச்சேரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை செம்பியன் போனபோது வேலம்மாள் தொட்டி அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"செம்பியா, ஜோசியரு ஒன்னு சொல்லிட்டாரு. இந்த வீட்டுக்கு ஒரு கண்டம் இருக்காம். மீனு அத வாங்கிக்கிச்சின்னா ஐயா பொழச்சிக்குவாராம்."

"மீனு நல்லாத்தாம்மா இருக்கு."

"அதத்தாம்ப்பா சொல்றேன். நீ ரொம்ப நல்லா வெச்சிருக்க." திருட்டைக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார். "நாங்க ஒரு உயிர கொல்ற ஜனம் இல்ல. நீயும் கொல்ல வேணாம். மோட்டார ரிப்பேருன்னு கழட்டிக்கினு போ. தானா நடக்கறது நடக்கட்டும்."

செம்பியன் வாளியைக் கீழே வைத்தார்.

"உம்பொண்ணு விசயம் எனக்கு ஞாபகம் இருக்குப்பா" என்றார் வேலம்மாள்.

எவ்வளவு கருணையான வீடு! கொல்லவும் மாட்டார்கள், கொல்லச் சொல்லவும் மாட்டார்கள். செம்பியன் பிளக்கைப் பிடுங்கினார். பழக்கத்தில் சாவியை ஒயரில் மாட்டினார். மோட்டாரைத் துணியில் சுற்றி வாளியில் வைத்தபின் சாவியை எடுத்தார். மீன் அவர் கை போன பக்கமே வந்து கண்ணாடியில் முட்டியது. சரி, போய்த்தானே ஆக வேண்டும். போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலம்மாளின் போன் வந்தது.

"என்னாப்பா, இன்னும் நீந்திக்கினு இருக்கு? ஏமாத்துறியா?"

ஏமாற்றவில்லை. அவர் வேலை அப்படி. பல வருஷமாகக் கண்ணாடி மாதிரி வைத்திருந்த தண்ணீர் சட்டென்று கெடுமா? போதாததற்கு மூலையில் காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் மறந்துவிட்டார் என்றுதான் வேலம்மாளிடம் சொன்னார். மறக்கவில்லை.

திரும்பவும் சிதம்பரம் போனார். மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. அவரைக் கண்டதும் மெல்ல நகர்ந்து வந்தது. மோட்டாரை மாட்ட வந்திருக்கிறார் என்று நினைத்ததோ என்னவோ. செம்பியன் காற்று மோட்டாரையும் நிறுத்தினார். "மூடியயும் நல்லா மூடிட்டுப் போ, துள்ளி வெளிய உழுந்தா பாக்கச் சகிக்காது" என்றார் வேலம்மாள். மூடினார். புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டிக் குடல் பிடுங்க வாந்தி எடுத்தார். தரையில் அவர் வாந்தி எடுத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மீன் செத்தது. மஞ்சள் துணியில் சுற்றித் தென்னை மரத்தடியில் பால் ஊற்றிப் புதைத்தார்களாம். சபாபதிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜோசியருக்குப் பட்டு வேட்டி.

பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு செம்பியன் மகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனார். அனுப்பிரியா கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டியிருந்தாள். சான்றிதழ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் கேட் பக்கம் நின்றாள். "நான் கூப்புடறப்ப வா பாப்பா" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார்.

கூடத்தில் சபாபதி இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். காலித் தொட்டியைக் காட்டி, "எனக்காவப் போயிடுச்சி செம்பியா" என்று கண் கலங்கினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வேலம்மாள் செம்பியனைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போனார்.

"பொண்ணு வந்திருக்காம்மா. வெளிய நிக்கிது."

"பாத்தேன்." வேலம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னு சொல்றேன், தப்பா நெனைக்காத. அத்தினி வருசம் ஒங்கையில தின்ன மீனு. ஒரு வார்த்த முடியாதுன்னு சொன்னியா நீ? நான் சொன்னேன், செஞ்சிட்டுப் போயிட்ட. ராத்திரியில நெனச்சா எனக்குத் திக்குன்னு இருக்கு. அந்தக் கையால வளந்த பொண்ண எப்பிடிப்பா நான் புள்ளைங்ககிட்ட உடறது?"

'நீங்கதானேம்மா சொன்னீங்க' என்று நாக்கு நுனிவரை வந்ததைச் செம்பியன் விழுங்கினார். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இருந்த ஒரே வெள்ளிக்கிழமை வீடும் போய்விடுமே என்ற பயம் அப்போதும் இருந்தது அந்த மனிதருக்கு.

"மோட்டாரு கொண்டாந்தியா? புது மீனு வாங்கியாச்சி, பக்கெட்டுல கெடக்கு. மாட்டிட்டுப் போ" என்றார் வேலம்மாள்.

கொண்டுவந்திருந்தார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் பொருத்தி, ஒயரில் சாவியை மாட்டி வேலை பார்த்தார். வாசலில் அனுப்பிரியா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எட்டி எட்டிப் பார்ப்பது ஜன்னலில் தெரிந்தது. பிளக்கைச் சொருகினார். தண்ணீர் சுற்றியது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வேகம் சரியாகத்தான் இருந்தது. குட்டி மீனைத் தொட்டியில் விட்டார். அது ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து அவர் விரலை மோந்து பார்த்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இத நல்லாப் பாத்துக்க செம்பியா. இனிமே எனக்கு இதான் தொண" என்றார் சபாபதி.

வாசலுக்கு வந்ததும் அனுப்பிரியா ஓடிவந்தாள். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"இவ்ளோ நேரம் பேசுனாங்களாப்பா? எப்பலேர்ந்து வரச் சொன்னாங்க?"

செம்பியன் வண்டியில் சாவியைப் போட்டார்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம."

"டீச்சர அப்பிடியா வரச் சொல்லுவாங்க? யாரப்பா, என்னையா?"

"உன்ன இல்ல பாப்பா, என்ன" என்றார் செம்பியன்.